சைக்கிளுக்கு முதல்முதலா மோட்டர் பூட்டப் போறீங்களா? மட்டக்களப்புப் பக்கம் ஆக்கள் கேக்கிற கேள்விகளும் என்ட பதிலும்

2022ல பெற்றோலுக்கு லைன்ல நிண்ட நாளையில நம்மட ஊர்ல எல்லாரும் மூலைக்குள்ள கிடந்த சைக்கிள இழுத்தெடுத்துத் துடைச்சு ஓடினம், அப்ப இருந்து "இதுக்கு ஒரு மோட்டர் பூட்டினா என்ன அண்ணன்" எண்டு கேக்காத தம்பிமார் இல்ல. நான் ரெண்டு பூட்டியிருக்கன். முதல்ல பெற்றோல் எஞ்சின், மறுகா கரண்ட் மோட்டர். முதலாவதுல விழுந்தும் இருக்கன். வாற ஆக்கள் எல்லாரும் எஞ்சின் விலையத்தான் முதல்ல கேக்கிறாங்க, நான் எல்லாருக்கும் சொல்றது மோட்டர் கடைசியா வாங்குற சாமான் எண்டு. ஏனெண்டு கீழ வாசிச்சா விளங்கும்.

எதுல இருந்து தொடங்குற?

உங்கட ரூட்ல இருந்து. ஒரு கிழமைக்கு இப்ப இருக்கிற சைக்கிள்லயே ஓடிப் பாருங்க, ஒரு நாளைக்கு எத்தின கிலோமீற்றர், கேரியர்ல என்ன பாரம், தார் றோட்டா கிறவல் றோட்டா, இரவுல வாறதா, எல்லாத்தையும் ஒரு கொப்பியில எழுதுங்க. கல்லடியில இருந்து காத்தான்குடிக்கு வேலைக்குப் போற ஆளுக்கு வேணுமான மோட்டரும் ஏறாவூர்ல இருந்து டவுனுக்கு வாற ஆளுக்கு வேணுமான மோட்டரும் ஒண்டில்ல, களுவாஞ்சிகுடியில இருந்து வாற ஆள் எண்டா ஒரு பக்கமே 30 கிலோமீற்றருக்குக் கிட்ட, அது வேற கணக்கு.

நமக்கு ஒரு பெரிய வசதி இருக்கு, நிலம் சமதரை. கண்டியிலயோ பதுளையிலயோ இருக்கிறவன் மலை ஏத்துறதுக்கு எண்டு பெரிய மோட்டர் தேடணும், நமக்கு ஏத்தம் எண்டு இருக்கிறதே பாலம்தான். ஆனா காத்த மறந்திராதீங்க. நிமிர்ந்து இருந்து 25 கிலோமீற்றர் வேகத்துல காத்தில்லாத நாள்ல ஓட ஒரு 150 வாட் அளவு போதும், அதே வேகத்துல எதிர்க்காத்து 15 கிலோமீற்றர் அடிச்சா ரெண்டு மடங்குக்கு மேல வேணும். கச்சான் எண்டுற தென்மேல் காத்துக் காலத்துல பின்னேரம் வவுணதீவுப் பக்கம் போகக்குள்ள நேரா நெஞ்சுலதான் அடிக்கும், அந்தக் காத்துக்குக் கணக்குப் போட்டு வாங்குங்க.

பெற்றோல் எஞ்சினா, கரண்ட் மோட்டரா?

புதுசா தொடங்குற ஆளுக்கு நான் கரண்ட் மோட்டர்தான் சொல்லுவன், ரெண்டையும் பூட்டி ஓடிப்பாத்துத்தான் சொல்றன்.

பெற்றோல் கிட் எண்டா சைனாவுல இருந்து வாற அந்த டூ ஸ்ட்ரோக் எஞ்சின். பெட்டியில எஞ்சின், டாங்கி, சைலன்சர், செயின், பின் சில்லுக்கு ஒரு பெரிய பல்லுச் சக்கரம், கிளச் லீவர் எல்லாம் வரும், பாத்தா லேசாத்தான் இருக்கும். ஆனா அதிர்வு இருக்கே, அதுதான் எதிரி, எந்த நட்டையும் அது இருக்க விடாது. சத்தம், புகை, ஒயில் மணம் வேற. கரண்ட் மோட்டர் சில்லுக்குள்ளயே இருக்கு, செயின் இல்ல, காபரேட்டர் இல்ல, அதிர்வு இல்ல, பிழை வந்தா பெரும்பாலும் வயர்லயோ பற்றரியிலயோதான் இருக்கும்.

2022ல இன்னொண்டும் கண்டம். கியூஆர் முறையில பெற்றோல் குடுக்கத் தொடங்கினது வாகன நம்பருக்குத்தான், நம்பர் இல்லாத எஞ்சின் சைக்கிளுக்கு ஒரு துளி கோட்டா இல்ல. அந்த ஜூன் மாசக் கடைசியில ஒக்டேன் 92 பெற்றோல் லீற்றர் 470 ரூபா. பெற்றோல மிச்சம் பிடிக்க எண்டு எஞ்சின் பூட்டிப்போட்டு பெற்றோல் இல்லாம வீட்ட நிப்பாட்டினது நானும்தான்.

அதுக்காகப் பெற்றோல் எஞ்சின் சைக்கிள மட்டமாச் சொல்லமாட்டன். 1946ல யுத்தம் முடிஞ்சு ஜப்பான் சாம்பலாக் கிடக்கக்குள்ள சோய்ச்சிரோ ஹோண்டா செய்த வேலை ஆமியிட ரேடியோவுக்கு கரண்ட் குடுத்த சின்ன ஜெனரேட்டர் எஞ்சின்கள எடுத்து சைக்கிளுக்குப் பூட்டி வித்ததுதான், பஸ்ஸும் ரயிலும் ஒழுங்கா ஓடாத காலத்துல சனம் அத ஓடித் திரிஞ்சிச்சு. ஹோண்டா கம்பெனியிட கதை அங்கதான் தொடங்குது. எனக்கு அந்தக் கதையில நம்மட ஊர் தெரியுது.

சட்டம் என்ன சொல்லுது? பொலிஸ் பிடிக்குமா?

எஞ்சின் பூட்டின உடனே அது சைக்கிள் இல்ல, மோட்டார் வாகனம். 1951ம் ஆண்டு 14ம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்துக்குள்ள வந்திரும், அப்ப ரெஜிஸ்ட்ரேஷன், இன்சூரன்ஸ், வாகன வருமான உத்தரவுப் பத்திரம் (ரெவெனியூ லைசன்ஸ்), ஓடுற ஆளுக்கு லைசன்ஸ், ஹெல்மெட் எல்லாம் கேப்பாங்க. வீட்ட பூட்டின ஒண்டுக்கு நம்பர் எடுக்கிறது லேசான வேல இல்ல. அதால பணத்தக் கட்ட முதல் மாவட்டத்துல இருக்கிற மோட்டார் போக்குவரத்து ஒஃபீசுக்குப் போய், நீங்க வாங்கப் போற கிட்டிட படத்தையும் வாட் அளவையும் காட்டி, நேரா கேளுங்க. கரண்ட் மோட்டருக்கும் அப்பிடித்தான். "அவன் ஓடுறான்தானே" எண்டுறது பதில் இல்ல, எக்சிடன்ட் ஒண்டு நடந்தா இன்சூரன்ஸ் இல்லாத ஆள்தான் வயல விக்கணும். 18 வயசு ஆகாத தம்பிமார் பூட்டிப் பழகலாம், வளவுக்குள்ள ஓடிப் பாக்கலாம், றோட்டுக்கு வேணாம்.

எந்த சைக்கிள் நல்லம்? அப்பாட பழைய சைக்கிள் இருக்கு, அதுல பூட்டலாமா?

எனக்கு மிச்சம் பேர் கேக்கிற கேள்வி இது. பழைய பெரிய சைக்கிள்ட இரும்பு நல்ல இரும்பு, முன்னால நெல்லு மூட்டையே ஏத்தினது, பாரம் தாங்கும், அதுல பிழை இல்ல. பிழை மூண்டு இடத்துல.

ஒண்டு பிரேக். கம்பிப் பிரேக், ரப்பர் கட்டை போய் இரும்பு ரிம்ம உள்பக்கத்தால பிடிக்கிற அது, மழை பட்டா பிடிக்காது. காலால மிதிச்சு ஓடுற வேகத்துக்கே பத்தாது, மோட்டருக்கு கட்டாயம் காணாது.

ரெண்டாவது சில்லுக் கம்பி (ஸ்போக்) கணக்கு. இத ஒருத்தரும் சொல்லித் தரமாட்டாங்க. பெற்றோல் கிட்ல பின் சில்லுக்குப் பூட்டுற பல்லுச் சக்கரம் ஒன்பது போல்ட்டால ரப்பர் வச்சு கம்பிக்கு நடுவால நெரிச்சுப் பூட்டுறது, அது 36 கம்பிச் சில்லுக்கு அளந்து செய்தது. நம்மட பழைய பெரிய சைக்கிள்ல முன் சில்லு 32, பின் சில்லு 40 கம்பி. 40ல அந்த ஒன்பது போல்ட்டு ஒழுங்கா விழாது, நெரிச்சு இழுத்துப் பூட்டினா சக்கரம் ஆடும், ஆடினா செயின் கழரும். வாங்க முதல் சில்லப் பிரட்டி வச்சு கம்பிய எண்ணுங்க.

மூண்டாவது துரு. உப்புக் காத்துல கிடந்த சைக்கிள், வெளியால பெயின்ட் பளபளக்கும், கீழ பெடல் அச்சு இருக்கிற பெட்டிக்குள்ள தண்ணி நிண்டு உள்ளால அரிச்சிருக்கும். ஒரு ஸ்பானரால மெதுவா தட்டிப் பாருங்க, நல்ல குழாய் கணீரெண்டும், அரிச்சது மந்தமாச் சத்தம் போடும். பின் சில்லப் பிடிச்சிருக்கிற கவைக்குள்ள கையால தடவிப் பாருங்க, வெடிப்பு இருந்தா அதோட நிப்பாட்டுங்க.

பதிலாச் சொல்றது எண்டா, 26 இஞ்சி இரும்பு மவுண்டன் சைக்கிள், 36 கம்பி, அலுமினியம் ரிம், கேபிள் பிரேக் அல்லது டிஸ்க், அதுதான் தொடங்குறதுக்கு சரி. அலுமினிய பிரேம்ல எஞ்சின் கிளாம்ப் போட்டு இறுக்காதீங்க, நசுங்கி வெடிக்கும். லேடீஸ் சைக்கிள்ல எஞ்சின் வைக்க இடம் இல்ல, ஆனா கரண்ட் மோட்டருக்கு அது நல்ல சைக்கிள், ஏறி இறங்க லேசு, சாறனோடயும் ஓடலாம். எந்த பிரேம்லயும் எஞ்சின் பூட்ட எண்டு ஓட்டை போடாதீங்க, எந்த மெக்கானிக் பாஸ் சொன்னாலும் போடாதீங்க.

அப்பாட சைக்கிள அப்பிடியே வச்சிருங்க. நான் என்ட அப்பாட சைக்கிள்லதான் முதல் பூட்டினன், அந்தக் கதை கீழ இருக்கு.

பெற்றோல் எஞ்சின 80 சிசி எண்டு விக்கிறாங்களே, நல்ல பவரா?

அது 80 இல்ல. சிலிண்டர் விட்டம் 47 மில்லிமீற்றர், பிஸ்டன் ஓட்டம் 38, கொள்ளளவக் கணக்குப் பாத்தா 66 சிசிதான் வரும். சின்னதொண்டும் வரும், 48 சிசி. நம்மட சமதரைக்கு 48ஏ போதும், அதிர்வும் குறைவு.

நீங்க எப்பிடி விழுந்த?

கிட்ல செயின் தொய்யாம இருக்க ஒரு சின்ன உருளை வரும், பின் கவையில கிளாம்ப்பால பூட்டுறது. அது ரெண்டு போல்ட்டாலதான் பிடிச்சிருக்கு. அதிர்வுல கிளாம்ப் இளகி மெதுவாக் கிறுகி கம்பிப் பக்கம் சாயும், ஒரு நாளைக்கு கம்பிக்குள்ள போயிரும், போனா பின் சில்லு அந்த நிமிஷமே இறுகும். எனக்கு ஆரையம்பதி தாண்டி மெயின் றோட்டுல நடந்திச்சு, 35 அளவு வேகம் இருக்கும், சில்லு இறுகி கறகறவெண்டு இழுத்துக்கொண்டு போய் பக்கத்தால சரிஞ்சன், பின்னால வந்த பஸ் தள்ளி வந்ததால இண்டைக்கு இத எழுதுறன். முழங்கால் கிழிஞ்சது ஆறிட்டு, அப்பாட பின் சில்லுல ஏழு கம்பி போயிட்டு, கவையும் வளைஞ்சிட்டு. 40 கம்பிச் சில்லுல நெரிச்சுப் பூட்டின சக்கரமும் ஆடிக்கொண்டுதான் இருந்தது, கண்டும் ஓடினன்.

அதுக்குப் பிறகு படிச்சது இது. செயின எடுத்து எஞ்சின் பல்லுக்கும் பின் பல்லுக்கும் நேர்கோடு வருதா எண்டு ஒரு நூல் பிடிச்சுப் பாருங்க. செயின் நீளத்த முதல்லயே சரியா வெட்டி, அரைக் கண்ணி போட்டாவது, அந்த உருளைக்கு வேலையே இல்லாத அளவுக்குக் கொண்டு வாங்க. மறுகா உருளை கிறுகாம இருக்க ஒரு சின்ன இரும்புத் துண்ட நல்ல வெல்டிங் பாஸ் ஒராளப் பிடிச்சு கவையோட ஒட்டி எடுங்க, மெல்லிய குழாய் எண்டு சொல்லிக் குடுங்க, கூட சுட்டா ஓட்டை விழும். எல்லா நட்டுக்கும் லாக் நட்டு அல்லது லாக்டைட் (நட்டு இளகாமப் பிடிக்கிற பசை).

டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்குப் பெற்றோலோட ஒயில் எவ்வளவு கலக்கிற?

கடலுக்குப் போற ஆக்கள் போட் எஞ்சினுக்குக் கண்ணளவுல கலப்பாங்க, அவங்களுக்கு அனுபவம் இருக்கு, நீங்க அளந்து கலங்க. புது எஞ்சினுக்கு கிட்டோட வாற தாள்ல 16க்கு ஒண்டு எண்டு இருக்கும், அது ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 60 மில்லிலீற்றர் அளவு. எஞ்சின் பழகின பிறகு 40 – 50 மில்லி. மருந்துக்குப் பாவிக்கிற சிரிஞ்சு ஒண்டு இருந்தா அளக்க வசதி. டூ ஸ்ட்ரோக் ஒயில் மட்டும், மோட்டார் சைக்கிளுக்கு ஊத்துற ஃபோர் ஸ்ட்ரோக் ஒயில் வேணாம். ஒயில் குறைஞ்சா பிஸ்டன் பிடிச்சிரும், கூடினா பிளக் கறுத்து ஸ்டார்ட் வராது, பிழை விடுறதெண்டா கூடின பக்கம் விடுங்க.

எவ்வளவு வேகம் போகும்?

50 போகும் எண்டு விக்கிற ஆள் சொல்லுவார். போகும்தான். எஞ்சின் கியர் கணக்குப்படி, 44 பல்லுச் சக்கரத்தோட 26 இஞ்சி சில்லு 30ல போகக்குள்ளயே எஞ்சின் நிமிஷத்துக்கு 4300 தரம் சுத்துது, 50 எண்டா 7000க்கு மேல, அந்தச் சின்ன எஞ்சின் கனநாளைக்குத் தாங்காது. 30ல ஓடுங்க.

பிரேக்குக்கு என்ன செய்யிற?

வேகம் ரெண்டு மடங்கானா நிப்பாட்ட வேணுமான தூரம் நாலு மடங்கு. 15ல மிதிச்சு வந்த ஆள் 30ல வாறதெண்டா கை அதே கையா இருந்தாலும் பிரேக் அதே பிரேக்கா இருக்க ஏலாது. முன்னால கட்டாயம் நல்ல பிரேக், அலுமினிய ரிம்முக்கு வி பிரேக் (கேபிளால ரிம்ம ரெண்டு பக்கத்தாலயும் நெரிக்கிறது) எண்டாலும் போதும், கட்டைய வருஷம் ஒருக்கா மாத்துங்க, உள் கேபிள் துரு பிடிச்சா கையால இழுக்கேலாம இறுகும், நமக்கு கடல் பக்கத்துல அது ஆறு மாசத்துலயே வரும். டயரும் அப்பிடித்தான், வெடிச்சு நூல் தெரியிற டயரோட மோட்டர் பூட்டாதீங்க.

கையில இருக்கிற சல்லிய மூண்டாப் பிரிச்சா ஒரு பங்கு சில்லு, பிரேக், டயர், லைட்டுக்குப் போகட்டும். மிச்சம் வாற காசுக்கு எந்த மோட்டரோ அதுதான் உங்கட மோட்டர். இரவுல நம்மட றோட்டுல மாடு படுத்திருக்கும், கறுத்த மாடு கிட்டப் போனாத்தான் தெரியும், முன் லைட் இல்லாம ஆறு மணிக்குப் பிறகு வெளிக்கிடாதீங்க. படுவான்கரைப் பக்கம் எண்டா யானையும் இருக்கு, அதுக்கு லைட்டும் காணாது, பொழுதோட வீட்ட வாங்க.

கரண்ட் மோட்டர் முன் சில்லுக்கா பின் சில்லுக்கா?

முன் சில்லு பூட்ட லேசு, செயினத் தொடத் தேவையில்ல. ஆனா முன் கவை இரும்பா இருக்கணும். ஸ்பிரிங் கவை, அலுமினியக் கவை எண்டா பின் சில்லுக்குப் போங்க, ஏனெண்டா மோட்டர் சில்ல முன்னால தள்ளக்குள்ள அச்சு எதிர்ப்பக்கம் கிறுகப் பாக்கும், கவை வாய் மெலிஞ்சதெண்டா விரிஞ்சு அச்சு கழண்டு விழும், முன் சில்லு கழரிற வேகத்துல நீங்க எழும்ப ஏலாது. அதுக்குத்தான் டோர்க் ஆர்ம் எண்டு ஒரு இரும்புத் துண்டு, கிட்டோட வராட்டியும் லேத் பட்டறையில ஆறு மில்லிமீற்றர் தகட்டுல வெட்டி எடுங்க. பழைய சைக்கிள்ட கவை வாய் 10 மில்லிமீற்றர் அச்சுக்கு ஒடுக்கமா இருக்கும், கை அரத்தால கொஞ்சம் கொஞ்சமா அராவுங்க, கிரைண்டரக் கொண்டு போகாதீங்க.

250 வாட் நம்மட நிலத்துக்குப் போதும். மீன் பெட்டி கட்டி ஊரூரா விக்கிற ஆக்கள் எண்டா 350.

பற்றரி என்ன மாதிரி எடுக்கிற?

ஒரு கிலோமீற்றருக்கு, கொஞ்சம் மிதிச்சும் குடுத்தா, 10ல இருந்து 15 வாட் மணி (பற்றரியில இருக்கிற சக்திய அளக்கிற கணக்கு, வோல்ட்டையும் ஆம்பியர் மணியையும் பெருக்கிறது) போகும். 36 வோல்ட் 10 ஆம்பியர் மணி பற்றரி 360 வாட் மணி, அதுல 80 சதவீதம் பாவிச்சா 19 – 28 கிலோமீற்றர். ரெண்டு வருஷத்துல அது குறையும், அதால உங்கட ரூட்ட விட அரைவாசி கூடக் கணக்குப் போடுங்க.

ஈயப் பற்றரி மலிவு, மூண்டு 12 வோல்ட் பற்றரி 12 கிலோவுக்குக் கிட்ட வரும், பாதிக்குக் கீழ இறக்கினா கெதியா சாகும். லித்தியம் மூண்டு கிலோதான். பின் கேரியர்ல 12 கிலோவோட ஓடிப் பாத்த ஆள் லித்தியத்துக்குத்தான் மாறுவார், நானும் மாறினன்.

ஆனா லித்தியத்துக்குப் பயம் வேணும். ஈயப் பற்றரி சார்ஜரால லித்தியத்த ஏத்தாதீங்க. அதுக்குள்ள ஒவ்வொரு செல்லையும் பாக்கிற பிஎம்எஸ் போர்ட் இல்லாத பெக் வேணாம், பழைய லேப்டொப் செல்ல உடைச்சு ஒட்டிக் கட்டித் தாற பெக்க முதல் தரமே வாங்காதீங்க. வெயில்ல ஓடி வந்த உடனே ஏத்தாம அரை மணித்தியாலம் நிழல்ல ஆற விடுங்க. தகரக் கூரைக்குக் கீழ மத்தியானத்துல வைக்க வேணாம், படுக்கிற அறைக்குள்ள, வாசல்படிக்குக் கிட்ட ராவு முழுக்க ஏத்த வேணாம், தீப்பிடிச்சா வெளிய ஓடுற வழி அதாத்தான் இருக்கும். பற்றரிக்குக் கிட்ட 20 ஆம்பியர் ஃபியூஸ் ஒண்டு, வயர் 2.5 சதுர மில்லிமீற்றர். பிரேக் பிடிச்சா மோட்டர் ஓஃப் ஆகிற லீவர் கட்டாயம் பூட்டுங்க.

மழை, வெள்ளம், உப்புக் காத்து?

மழையில ஓடலாம். வெள்ளத்துல ஓடாதீங்க, கார்த்திகை மார்கழியில றோட்டுல தண்ணி அச்சு மட்டத்துக்கு வந்தா இறங்கித் தள்ளினாலும் மோட்டருக்குள்ள தண்ணி போகும், தூக்கிக்கொண்டு போக ஏலுமெண்டா தூக்குங்க. வயர் மோட்டருக்குள்ள போற இடத்துக்கு முதல் கீழ ஒரு தொய்வு விடுங்க, தண்ணி வழிஞ்சு வந்தாலும் அந்தத் தொய்வுல சொட்டி விழுந்திரும். கனெக்டர்ல கிறீஸ் தடவி டியூப் துண்டால சுத்துங்க. கடற்கரை வீட்டு ஆக்கள் கிழமைக்கு ஒருக்கா நல்ல தண்ணியில நனைச்ச துணியால துடைச்சாலே போதும், பைப்பால பீச்சி அடிக்க வேணாம்.

மண்டூர் பாதையில (ஆத்தக் கடக்கிற மிதவையில) ஏத்தலாமா?

ஏத்தலாம். பெற்றோல் எண்டா டாங்கியிட பெற்றோல் வால்வ மூடி, எஞ்சின நிப்பாட்டி, தள்ளிக்கொண்டு ஏறுங்க. சைலன்சர் சுடும், பக்கத்துல சின்னப் புள்ளைகள் நிப்பாங்க, சுடுற பக்கத்த ஆத்துப் பக்கம் திருப்பி வைங்க.

முதல் ஓட்டம் எப்பிடி?

விடிய அஞ்சரை ஆறு மணிக்கு, றோட்டுல ஆளில்லாத நேரம், கூட ஒராள் இன்னொரு சைக்கிள்ல. முதல் 100 மீற்றர் மோட்டர் இல்லாம மிதிச்சு ஓடி ரெண்டு பிரேக்கையும் பிடிச்சுப் பாருங்க, மறுகா மோட்டர். ரெண்டு கிலோமீற்றர் போய் இறங்கி எல்லா நட்டையும் ஸ்பானரால தொட்டுப் பாருங்க, 10ல திரும்ப, 50ல திரும்ப. பின் கம்பிகள விரலால சோடி சோடியா நெரிச்சுப் பாருங்க, ஒண்டு தொய்ஞ்சிருந்தா அண்டைக்கே கம்பி இறுக்கிற ஆள்ட்ட கொண்டு போங்க. எங்கட பக்கம் ஒரு ஐயா இருக்கார், சில்ல சுத்தவிட்டு காதக் கிட்ட வச்சே எந்தக் கம்பி எண்டு சொல்லுவார், அப்பாட பின் சில்ல ஏழு புதுக் கம்பி போட்டு நேராக்கித் தந்ததும் அவர்தான். அது இப்ப மோட்டர் இல்லாம ஓடுது, நான் சந்தைக்குப் போறது அதுலதான்.